கொழுந்து நோட்டும் தாய்லாந்து வகுப்பும்

(கோத்தகிரி டீச்சர் பதில்கள்)

போன இதழில் ஊறுகாய் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, '2014-லிருந்து 2018 வரை தாய்லாந்தில் காஞ்சனபுரிப் பக்கம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஊறுகாயை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. 'இந்த முறை அதையே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்' என்றார் ஆசிரியர். சரி, வைத்துக்கொள்வோம்.

வாசகி, குன்னூர்: டீச்சர், எனக்கு 27 வயது. பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் வேலை உறுதியாகியிருக்கிறது. மே மாதம் சேர வேண்டும். அங்கே வாழப்போவதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நான் எப்படித் தொடங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணு. அப்படித் தொடங்காமல் இருக்க உதவும்.

கிளம்புவதற்கு முன் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் கெட்டி அட்டை போட்ட டைரி ஒன்று வாங்கினேன். விலை அதிகம். அதனாலேயே அதில் அழகாக எழுத வேண்டும் என்று ஒரு பயம். முதல் சில நாள் எழுதியதைப் பாருங்கள்: 'மக்கள் புன்னகை மாறாதவர்கள். கோயில்கள் பொன்னாய் ஜொலிக்கின்றன. ஆறு அமைதியாக ஓடுகிறது.' இதை எழுத விமானம் ஏறியிருக்கவே வேண்டாம். சலூன் கடைக் காலண்டரைப் பார்த்தே எழுதியிருக்கலாம்.

அந்தப் பக்கங்களில் இன்றும் உயிரோடு இருப்பது மே 22-ம் தேதிக் குறிப்பு மட்டும்தான். அன்றைக்குத்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு. பள்ளிகளையும் மூடச் சொல்லிவிட்டார்கள். நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'பத்து மணிக்கு மேல் வெளியே போகக் கூடாதாம். முக்குக் கடை மூடிவிட்டது. முட்டை இல்லை.' கோத்தகிரியில் என் அம்மா டி.வி.யில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நான் அங்கே சுடுசாதத்தில் பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாட்டையே புரட்டிப்போட்ட நாளில் எனக்கு இருந்த கவலை முட்டை. அது உண்மை. அதனால்தான் அந்த வரி கெடாமல் இருக்கிறது.

அப்புறம்தான் அப்பாவின் கொழுந்து நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் 1971-ல் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மா கொழுந்து எடுப்பார். சாயங்காலம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் அப்பா நாற்பது பக்க நோட்டை எடுத்துத் தேதி போட்டு, கிலோ போட்டு, பக்கத்தில் ஒன்றிரண்டு சொல் எழுதுவார். '14. மழை.' '17. அட்டைக்கடி.' '9. அரைப்பேர்.' தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கு எழுதுவதைப் பேர் போடுவது என்பார்கள். பாதி நாள் என்றால் அரைப்பேர். மாதக் கடைசியில் சம்பளத்தோடு ஒத்துப் பார்க்கத்தான் அந்த நோட்டு. ஆனால் இன்றைக்கு அதைப் புரட்டினால் எங்கள் வீட்டு ஏழு வருஷம் அதில் இருக்கிறது. '11. பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று ஒரு நாள். அந்தப் பிள்ளை நான்தான்.

டைரியை மூட்டை கட்டிவிட்டு, அங்கேயே கடையில் கோடு போட்ட மெல்லிசு நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி. எத்தனை பிரிவேளை எடுத்தேன். ஒரு வரி. முடிந்தால் இரண்டு. கட்டாயம் அவ்வளவுதான். அப்படி எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளில் கிடைத்தது இது:

'ஜூன் 12, வியாழன். 4 பிரிவேளை ரத்து. குரு வணக்கம். இட்லிப்பூ!'

அந்த ஆச்சரியக்குறிக்குக் காரணம் சொல்கிறேன். தாய்லாந்துப் பள்ளிகளில் ஆண்டு தொடங்கிய கொஞ்ச நாளில், பெரும்பாலும் ஜூன் மாதத்து வியாழன் ஒன்றில், 'வாய் க்ரூ' என்று ஒரு சடங்கு. வாய் என்றால் கும்பிடுதல், க்ரூ என்றால் நம் குருவேதான். பிள்ளைகள் அவரவர் கட்டிய பூத்தட்டோடு முட்டி போட்டு வருவார்கள். எங்களை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். என் முன்னால் ஒரு பையன், பதிமூன்று வயது இருக்கும், தட்டை நீட்டுகிறான். குனிந்து பார்த்தால் அதில் இட்லிப்பூ. புத்தகத் தமிழில் வெட்சி. பக்கத்தில் ஒரு கொத்து அருகம்புல். அதற்கும் பக்கத்தில் கத்தரிப்பூ. பிள்ளையாருக்கு வைத்த மாதிரி எனக்கு வைத்திருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பையன் பயந்துபோய்ப் பக்கத்து டீச்சரைப் பார்க்கிறான், என்னமோ தப்புச் செய்துவிட்டோம் என்று.

பக்கத்தில் இருந்த டீச்சர் அப்புறம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். வெட்சி மொட்டு முனை கூராக இருக்கும், புத்தியும் அப்படி இருக்க வேண்டும். அருகு மிதித்தாலும் சாகாது. கத்தரிப்பூ எப்போதும் தலை கவிழ்ந்துதான் பூக்கும், அது பணிவு. சில இடங்களில் பொரியும் வைப்பார்களாம். பொரி என்றால் ஒழுக்கம் என்றார், அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகப் பிடிபடவில்லை. கத்தரிச் செடியை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம், பூ கவிழ்ந்திருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆமாம், கவிழ்ந்துதான் இருக்கிறது.

பொற்கோயில் எல்லாரும் எழுதுவார்கள். இட்லிப்பூவை, அதை இட்லிப்பூ என்று தெரிந்த ஆள்தான் எழுத முடியும்.

மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலிருந்தே எழுதுங்கள். உங்கள் ஊர் பெட்ஃபோர்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியில் எந்த வளைவில் மூச்சு வாங்குகிறது, எந்த வீட்டு நாய் குரைக்கிறது. இங்கே கண் பழகினால்தான் அங்கே கண் தெரியும். இன்னொன்று, போன புதிதில் தோன்றும் முட்டாள்தனமான சந்தேகங்களை அன்றன்றே எழுதிவிடுங்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கு எல்லாம் பழகிவிடும், ஆச்சரியம் போய்விடும். போன ஆச்சரியத்தைத் திரும்ப வரவழைக்க முடியாது.

வாசகர், ஊட்டி: வயது 24. எம்.ஏ. ஆங்கிலம். பாங்காக்கில் ஆசிரியர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். 'முதலில் டூரிஸ்ட்டாகப் போய்விடுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார். போகலாமா?

போகாதே தம்பி.

சுற்றிப் பார்க்க வந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடித்தால் அபராதம், திருப்பி அனுப்புதல். ஒழுங்கான வழி இதுதான்: பள்ளி தரும் கடிதத்தை வைத்து 'நான்-இமிகிரண்ட் பி' விசா, போய் இறங்கியதும் வேலை அனுமதி, அப்புறம் அவர்கள் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ. அந்த மன்றத்துக்குப் பெயர் 'குருசபா'. தமிழ்ப் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று மகிழ்ந்து போய்விடாதே, காகிதம் கேட்பதில் பயங்கரக் கண்டிப்பு. தொடர்ந்து தங்கினால் 90 நாளைக்கு ஒரு முறை குடிநுழைவுத் துறைக்கு முகவரி சொல்ல வேண்டும். இடையில் ஊருக்கு வந்து போவதானால் மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால் விசாவே செத்துப்போகும். இதில் எதையாவது உன் ஏஜெண்ட் சொன்னாரா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா பார். அப்படிப் பதிவு செய்தவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கு?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரில் மியாவடிப் பக்கம் கொண்டுபோய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றும் வேலை செய்ய வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022-ல் எச்சரிக்கையே விட்டது. அதில் மாட்டி மீண்டு வந்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நானும் ஒரு இடைத்தரகரிடம் ஏமாந்தவள்தான். 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொன்ன சம்பளம் ஒன்று, கையெழுத்துப் போடும்போது காட்டிய சம்பளம் வேறு. விமானச் செலவு செய்துவிட்டு வந்தோமே என்று கையெழுத்துப் போட்டேன். 45 வயதில், இருபது வருஷம் பாடம் எடுத்த பிறகு, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் டீச்சர்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.

வாசகர், அருவங்காடு: நம் ஊர் உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசினால் அங்கே மதிப்பார்களா? 'தாய்மொழிக்காரர் மட்டும்' என்றே விளம்பரங்கள் வருகின்றனவே?

வருகின்றன. அது நியாயமில்லை, ஆனால் உண்மை. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசாவே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்கு என்று வகுத்த ஒன்று. தாய்லாந்தில் கதவு அந்த அளவுக்கு அடைப்பில்லை. நம்மவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாரும் இருக்கிறோம், டோயிக் மாதிரி ஒரு தேர்வு மதிப்பெண் காட்டச் சொல்வார்கள். சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். எனக்கு மாதம் 20,000 பாட். அதே ஆசிரியர் அறையில், அதே பாடம், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு 32,000. அவன் பி.எட். படித்தவன் இல்லை. நல்ல பையன், இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவான். 'ஏன் இந்த இடத்தில் ஹேட் பீன்?' என்பான். பன்னிரண்டாயிரம் பாட் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டேதான் சொல்லிக்கொடுப்பேன்.

உச்சரிப்புக்கு வருகிறேன். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' வராது, 'ன்' ஆகிவிடும். முதலில் 'ஸ்க' என்று இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் அகரம் நுழையும். ஆகவே ஸ்கூல் அங்கே 'சகூன்'. ஃபுட்பால் 'ஃபுட்பொன்'. நம் ஊரில் என்ன? 'இஸ்கூல்'. அவர்கள் நடுவில் உயிரெழுத்தைச் செருகுகிறார்கள், நாம் முன்னால் செருகுகிறோம். முதல் நாள் கரும்பலகையில் இரண்டையும் எழுதி, 'இது நீங்கள், இது எங்கள் ஊர்' என்று இஸ்கூலைச் சொல்லிக் காட்டினேன். 48 பிள்ளைகளும் உருண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு தப்பாகச் சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை. 'ல்' வருவதற்கு நான் வைத்த வழி: நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டு, நான் கை தட்டும் வரை எடுக்காதே. ல, ள, ழ மூன்றையும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு நாக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கத் தெரியும். இங்கிலாந்துப் பையனுக்கு அது தெரியாது, அவன் நாக்கைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதற்கான சான்றிதழ் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 120 மணி நேரம் என்று கம்ப்யூட்டரிலேயே முடியும் டெஃபல் படிப்புகள் காகிதத்துக்குப் பயன்படும். வகுப்புக்குப் பெரிய பயன் இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டா என்றால் உண்மையான மாணவர்கள் முன்னால் ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வைத்துப் பார்ப்பார்கள். செலவு அதிகம். பி.எட். வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

வாசகி, வெலிங்டன்: எழுதுவதைத் தமிழில் எழுதுவதா, இங்கிலீஷிலா?

எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருகிறதோ அதில். எனக்கு ஒரு கூடுதல் லாபமும் இருந்தது. ஆசிரியர் அறையில் நோட்டை மேசை மேலேயே திறந்து வைத்துவிட்டுப் போகலாம், யாருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு டீச்சர் எட்டிப் பார்த்து, எழுத்து அழகாக, வட்ட வட்டமாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்தில் அவரைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

வாசகி, கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து: நாங்கள் படுகர். நான் கல்லூரி இறுதி ஆண்டு. வெளிநாட்டில் ஆசிரியையாகப் போய் எழுத வேண்டும் என்றால், எதை எழுதக் கூடாது என்று சொல்லுங்கள் டீச்சர்.

நல்ல கேள்வி. நீ படுகர் பெண் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிரில் வந்தால் தலையைக் குனிவீர்கள், அவர்கள் தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். எங்கள் வீட்டிலும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் தலையைத் தடவுவோம். நான் அங்கே போன இரண்டாவது வாரம், ஒரு குட்டிப்பெண் எல்லா எழுத்தையும் சரியாகச் சொன்னாள், தலையைத் தடவிவிட்டேன். வகுப்பே கப்சிப். குழந்தை அப்படியே விறைத்து நிற்கிறாள். தலை அவர்களுக்கு உடம்பிலேயே புனிதமான இடம், பிறர் தொடக் கூடாது. கால் கீழானது, யார் பக்கமும் நீட்டக் கூடாது. என்னோடு வகுப்பில் இருந்த தாய்லாந்து டீச்சரை நான் 'பீ' என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். அங்கேயும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. பிரிவேளை முடிந்து நடந்து போகும்போது, 'இனிமேல் தோளில் தட்டலாம்' என்றார். அவ்வளவுதான். கண்டித்தார் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதை எழுதலாம், ஏனென்றால் தப்பு என்னுடையது. அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் போடக் கூடாது, ஏனென்றால் முகம் அவளுடையது. தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர்கள் தனியாக உண்டு: ஐஸ், பேங்க், கோல்ஃப், மின்ட். என் வகுப்பில் மூன்று ஐஸ். எழுதும்போது ஐஸ் என்றால் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் நான் ஐஸை மின்ட் ஆக்கி, மின்ட்டை வேறொன்றாக்கித்தான் எழுதுவேன். பள்ளியின் பெயரும் வேண்டாம். சம்பளம் கொடுக்கிற இடத்தைத் திட்ட வேண்டுமென்றால் ஊருக்கு வந்த பிறகு திட்டிக்கொள்ளலாம், பெயர் சொல்லாமல். இப்போது நான் செய்வது போல.

இன்னொன்று, சிரிக்கிற விஷயம் இல்லை. அங்கே மன்னர் குடும்பத்தைப் பழித்துப் பேசினாலோ எழுதினாலோ குற்றவியல் சட்டம் 112-ன்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம் சிறை. விளையாட்டாக ஒரு வரி எழுதினேன் என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 13-ல் பூமிபோல் மன்னர் இறந்தபோது நான் அங்கே இருந்தேன். பள்ளி ஊழியர்கள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினார்கள். கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோய், தெருவில் பெரிய அண்டாக்களில் கொதிக்கக் கொதிக்கச் சாயம் காய்ச்சி, கொண்டுவந்த துணியை முக்கிக் கொடுத்தார்கள். நான் அம்மாவிடம் கறுப்புச் சேலை அனுப்பச் சொன்னேன். 'கல்யாணமாகி இருபது வருஷத்தில் கறுப்பு கட்டாதவள் இப்போது எதற்குக் கட்டுகிறாய்?' என்று அனுப்ப மறுத்துவிட்டார். கடைசியில் என் மாம்பழக் கலர் சுங்குடி அந்த அண்டாவில் போனது. முழுசாகக் கறுக்கவில்லை, புள்ளி மட்டும் விடாப்பிடியாகப் பழுப்பாக நின்றது. அந்தச் சேலையைப் பற்றி எழுதினேன். மன்னரைப் பற்றி எழுதவில்லை.

வாசகர், குந்தா: சைவம் சாப்பிடுகிறவர் அங்கே பிழைக்க முடியுமா?

'ஜே' என்ற ஒரு சொல் தெரிந்தால் பிழைக்கலாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக அந்தச் சொல்லைக் கட்டியிருக்கும் கடையில் மீனும் முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டும்கூடக் கிடையாது. அக்டோபர் வாக்கில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே, ஒன்பது நாள் ஜே விழா வரும், அப்போது ஊரெங்கும் அந்தக் கொடிதான். மற்ற நாளில் 'மீன் சாறு போடாதீர்கள்' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், காய்க் கறியிலும் ஊற்றுவார்கள். நான் முட்டை சாப்பிடுகிறவள், ஆகவே என் பேச்சை முழுசாக நம்ப வேண்டாம்.

வாசகி, கட்டபெட்டு: என் மகள் வியட்நாமில் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். போய் எட்டு மாதம். போனில் கேட்டால் 'நல்லாயிருக்கேம்மா' என்பதோடு சரி. உண்மையிலேயே நன்றாக இருக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது டீச்சரம்மா?

நானும் நாலு வருஷம் எங்கள் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். பாதி நாள் பொய்.

'நல்லாயிருக்கியா' என்று கேட்டால் 'நல்லாயிருக்கேன்' என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் அவளுக்கு ஒன்பதரை. அந்த நேரத்தில் கூப்பிட்டு, 'இன்றைக்கு வகுப்பில் யார் ரொம்பப் படுத்தினது?' என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தால் நிம்மதியாகத் தூங்குங்கள், பெண் அந்த வகுப்பில் வேர் பிடித்துவிட்டாள். யார் பெயரும் வரவில்லை, 'எல்லாம் ஒரே மாதிரிதான்' என்றால் கொஞ்சம் கவனியுங்கள். நவம்பர் 20 வியட்நாமில் ஆசிரியர் தினம். அன்றைக்குப் பூ யார் கொடுத்தார்கள், எத்தனை, எந்தப் பாத்திரத்தில் போட்டு வைத்தாள் என்று கேளுங்கள். வெளிநாட்டில் தனியாக இருக்கும் வாத்தியார் வீட்டில் பூச்சாடி இருக்காது. நான் குக்கரில் வைத்திருந்தேன், மூன்று நாள் சாதம் வடிக்கவில்லை.

எனக்கு மோசமான காலம் முதல் இரண்டு மாதம் இல்லை. ஏழாவது எட்டாவது மாதம்தான். புதுசு தீர்ந்திருக்கும், ஊர் ஒட்டியிருக்காது. அந்த நேரத்தில் ஒரு பையனிடமிருந்து போனில் செய்தி வந்தது: 'டீச்சர் 5555'. பரீட்சை மார்க்கோ, யாராவது விளையாடுகிறார்களோ என்று குழம்பி, திரும்ப ஒரு கேள்விக்குறி அனுப்பினேன். இன்னும் நாலு '5' வந்தது. மறுநாள் விசாரித்தால், தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று உச்சரிப்பு. ஹாஹாஹாஹா! நான் வகுப்பில் இஸ்கூல் என்றதை நினைத்து ராத்திரி சிரித்திருக்கிறான். அந்த வாரம் முழுக்க அந்த ஐந்துகள்தான் துணை.

உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கே எழுதட்டும், கடிதமாக. போனில் மறைப்பதை எழுத்தில் மறைப்பது கஷ்டம்.

வாசகர், கூடலூர்: நாங்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம்தான் டீச்சர். எனக்கு மாலத்தீவில் ஆசிரியர் வேலை வந்திருக்கிறது. 'திரும்பக் கடல் தாண்டணுமா' என்று பாட்டி அழுகிறார். என்ன சொல்லிப் புரிய வைப்பது? அங்கே போய் நான் எழுத என்ன இருக்கும்?

பாட்டியிடம் புரிய வைக்கப் போகாதீர்கள் தம்பி. அவர் அழுவது உங்கள் விசாவைப் பார்த்து இல்லை.

காஞ்சனபுரியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கேதான் க்வாய் ஆற்றுப் பாலம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள், 1942-லும் 43-லும். கைதான வெள்ளைக்கார சிப்பாய்களையும் வேலை வாங்கினார்கள், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்களையும் வேலை வாங்கினார்கள். சயாம் மரண ரயில் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர்.

ஊருக்கு நடுவில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறை. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை இங்கிலீஷ் படிக்கப் பழக்க அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம், கல்லில் இருப்பது சின்னச் சின்ன வாக்கியங்கள் என்பதால். நானும் அவர்களோடு வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். 22 வயது, 25 வயது, அம்மா அப்பா எழுதச் சொன்ன ஒரு வரி. பாவமாக இருந்தது, பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். மூன்றாவது முறை போனபோதுதான் ஒரு பெண் கேட்டாள், 'டீச்சர், உங்கள் ஊர்க்காரர்கள் எந்த வரிசை?' ரயில் பாதையில் இந்தியர்களும் செத்தார்கள் என்று அவள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தாள். கூலியாட்களுக்கு இங்கே கல் இல்லை என்று சொன்னேன். 'ஏன்?' என்றாள். இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

அன்றைய நோட்டில் இருப்பது: '2 பிரிவேளை, வெளியே. 7,000 கல். நம் ஆட்களுக்குப் பேர் போடவில்லை.'

மாலத்தீவில் நம்மூர் ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். அங்கே பள்ளிப் பாடங்கள் இங்கிலீஷிலேயே நடக்கின்றன, தாய்லாந்தைவிட உங்களுக்கு வகுப்பு சுலபமாக இருக்கும். எழுத என்ன இருக்கும் என்று போய்ப் பார்த்தால் தெரியும். அதற்கு முன்னால் பாட்டி அழுது முடித்ததும் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் பேர் போட்டார்கள், கப்பல் ஏறும்போது கையில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்கள் அம்மா கையில் ஒரு அரிவாள்மனையும் ஒரு வாளியும் இருந்ததாம். வாளி ராமேஸ்வரத்தில் தொலைந்துபோனது. அரிவாள்மனையில்தான் இன்று காலை பீன்ஸ் நறுக்கினேன்.